தரையில் விரித்த சாக்கு

ஒட்டன்சத்திரம் பக்கம் ஐந்து ஏக்கரில் முருங்கையும் தக்காளியும் வைத்திருக்கும் அந்த விவசாயிக்கு வயது 62. உழவுக்கு வாடகை டிராக்டர்தான். அவருடையது என்று சொல்ல இருக்கும் ஒரே நாலு சக்கர வண்டி, 1999-ம் வருடத்து மாருதி 800. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். தோட்டத்து வீட்டுக்குப் பஸ் கிடையாது. மனைவிக்குச் சர்க்கரை நோய். காலில் வந்த புண்ணுக்குக் கட்டு மாற்ற வாரம் இரண்டு முறை திண்டுக்கல் போயாக வேண்டும். அந்த வண்டி நின்றால், வைத்தியமும் நின்றுவிடும்.

ஆறு மாதத்துக்கு முன்பு, இரண்டாவது கியர் போடும்போது ‘கர்ர்’ என்ற சத்தம் ஆரம்பித்தது. பிறகு ரிவர்ஸிலும் உராய்ந்தது. கடைசியில், மேட்டில் ஏறும்போது இரண்டாவது கியர் விழவே மறுத்தது. முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு ஏறினார். டவுனில் ஒரு ஒர்க் ஷாப்பில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, “கியர் பாக்ஸையே மாத்தணும். இருபத்தைந்தாயிரம் ஆகும்” என்றார்கள். திருப்பூரில் இருக்கும் மகன் போனில், “இரும்புக் கடைக்குப் போட்டுடுங்கப்பா” என்றான். தக்காளி விலை சரிந்து கிடந்த நேரம். வேறு வண்டி வாங்கவும் வழியில்லை.

கடைசியாக, பல வருடமாக இந்த ரக வண்டிகளையே பார்த்துவரும் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனார். எல்லோருக்கும் அவர் ‘பாய்’. அவர் ஸ்பேனரைக் கையில் எடுக்கவில்லை. முதலில் இன்ஜினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார். எல்லாம் விழுந்தது. இன்ஜினை ஓடவிட்டுப் போட்டார். இழுத்துப் பிடித்தது. கிளட்ச்சை முழுக்க மிதித்து, நாலைந்து நொடி காத்திருந்து ரிவர்ஸ் போட்டார். அப்போதும் உராய்ந்தது.

“அண்ணே, இந்த வண்டியில ரிவர்ஸ் கியருக்குச் சுத்துற வேகத்தை ஒண்ணாக்குற பித்தளை வளையம் கிடையாது. அதனால கிளட்ச் மிதிச்ச உடனே போட்டா சத்தம் வரும். காத்திருந்து போட்டும் சத்தம் வந்தா, கிளட்ச் முழுசா விடலைன்னு அர்த்தம். கேபிள் நீண்டிருக்கு. பாதிக் கோளாறு கியர் பாக்ஸுக்கு வெளியில இருக்கு.”

பிறகு நியூட்ரலில் வைத்துக் காதைக் கொடுத்தார். “நியூட்ரல்ல ஊளைச் சத்தம் வந்து, கிளட்ச்சை மிதிச்சா நின்னுபோனா, கியர் பாக்ஸ் பேரிங் போச்சுன்னு சந்தேகப்படணும். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தா ரிலீஸ் பேரிங். உங்க வண்டியில ரெண்டும் இல்லை.” அடுத்ததாக ஒரு கேள்வி கேட்டார்: “வண்டி நிக்கிற இடத்துல தரையைப் பார்த்தீங்களா?”

விவசாயி பதில் பேசவில்லை. ஒரு வருடமாகவே கொட்டகைத் தரையில் கறை விழுந்துகொண்டிருந்தது. மனைவி எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். அவர் செய்ததெல்லாம், கறை தெரியாமல் ஒரு சாக்கை விரித்ததுதான்.

“இன்ஜின் ஆயில் வருஷம் தவறாம மாத்தறேன் பாய்.”

“கியர் ஆயில்?”

“அதுக்கு அளவு பார்க்கக் குச்சி இல்லையே...”

பாய் முதலில் பக்கவாட்டில் இருந்த நிரப்பும் பிளக்கைக் கழற்றினார். அதன் பிறகே அடியில் உள்ள பிளக்கைத் தொட்டார். பழைய ஆயிலை வடித்துவிட்ட பிறகு மேல் பிளக் கழலாவிட்டால், வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். சமதரையில் வண்டி நிற்கும்போது, நிரப்பும் துளையின் விளிம்புவரை ஆயில் இருக்க வேண்டும். அதுதான் அளவு. வடித்ததில் பாதிகூட வரவில்லை. வந்ததும் கறுத்து, அதில் மஞ்சள் மினுக்கம் தெரிந்தது. “சாம்பல் நிறத்துல மை மாதிரி இருந்தா, அது வழக்கமான தேய்மானம். இரும்புச் சில்லு வந்தா பல் உடைஞ்சிருக்கு. இந்த மஞ்சள், பித்தளை வளையம். பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி புகுந்திருக்குன்னு அர்த்தம்.”

முன் சக்கரங்கள் இழுக்கும் இந்த வண்டியில் கியர்களும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டில், ஒரே ஆயிலில் ஓடுகின்றன. சக்கரத்துக்குப் போகும் ஆக்சில் நுழையும் இடத்தில் ரப்பர் ஆயில் சீல் இருக்கிறது. அது காய்ந்து வெடித்ததும் சொட்டு சொட்டாக ஆயில் போனது. ஆயில் குறைய, வளையம் தேய்ந்தது.

கியர் பாக்ஸை இறக்கி, சீல், இரண்டாவது கியர் வளையம், கேபிள் மூன்றையும் மாற்றினார் பாய். இறக்கியது இறக்கியதுதான் என்று, தேய்ந்திருந்த கிளட்ச் பிளேட்டையும் மாற்றினார். லாரி டிஃபரன்ஷியலுக்கு வாங்கிய ஆயில் உறவினர் வீட்டில் மீதி இருப்பதாக விவசாயி சொன்னபோது, பாய் தலையசைத்து மறுத்துவிட்டார். அது ஜி.எல். 5 ரகம். அதில் கந்தகம் கலந்த சேர்மம் அதிகம். பித்தளையை மெல்ல அரித்துவிடக் கூடும். மேனுவலில் சொன்ன ஜி.எல். 4 ரகத்தையே ஊற்றினார். மொத்தச் செலவு, முதலில் சொன்ன தொகையில் பாதிக்கும் கீழே.

புறப்படும்போது பாய் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினார். ஓட்டும்போது இடது காலைக் கிளட்ச் மேலேயே வைத்திருக்கக் கூடாது. அப்படி வைத்தால் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் சீக்கிரம் தேயும். கையைக் கியர் தடியில் ஊன்றி வைத்தால், அந்த அழுத்தம் உள்ளே கியரைத் தள்ளும் கவையைத் தேய்க்கும். விவசாயிக்கு இரண்டு பழக்கமும் உண்டு.

அடுத்த நாள் திண்டுக்கல்லில் கட்டு மாற்றும்போது நர்ஸ் அவரிடம் சொன்னார்: “சர்க்கரையில கால் மரத்துப்போனா, புண் வந்தாலும் வலி தெரியாதுங்க. தினமும் நீங்கதான் பாதத்தைப் பார்க்கணும்.” மனைவி அவரைப் பார்த்தார். கொட்டகைச் சாக்கைப் பற்றி இருவருமே பேசவில்லை.

இப்போது அந்தச் சாக்கு கொட்டகையில் இல்லை. மருந்தடிக்கும் தேதி எழுதும் நோட்டிலேயே கியர் ஆயில் மாற்றிய தேதியும் இருக்கிறது. காலையில் வண்டியை வெளியே எடுத்ததும் தரையைக் குனிந்து பார்க்கிறார். சாயங்காலம் திண்ணையில் விளக்கைப் போட்டு, மனைவியின் இரண்டு பாதங்களையும் விரல் இடுக்கு விடாமல் பார்க்கிறார்.