காருக்குத் தாளம் போடுகிறவன்

மனிதனுக்கு வயதானால் ஞாபகம் தப்பும் என்பார்கள். காருக்கு வயதானால் தாளம் தப்புகிறது.

எங்கள் வீட்டுக் கார் 2004-ஆம் வருஷத்துப் பிறவி. பெயர் வேண்டாம், இத்தனை வருஷம் எங்களைச் சுமந்ததை ஊர் நடுவே நிறுத்திக் குறை சொல்வது நன்றியாகாது. சமீபத்தில் அதற்கு ஒரு விசித்திர வியாதி கண்டது. காலையில் சமர்த்தாகப் புறப்படும். முக்கால் மணி ஓடி உடம்பு சூடேறியதும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். இருபது நிமிஷம் ஆறவிட்டால், ஒன்றுமே நடக்காதது போல் மறுபடி கிளம்பும்.

நான் மட்டும் ஓட்டுகிற வண்டியாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நடுத்தெருவில் நிற்பது எழுத்தாளனுக்குப் புதிதல்ல. ஆனால் வாரத்தில் ஐந்து நாள் அதை ஓட்டுகிறவள் என் பெண். வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு மேல் ஜி.எஸ்.டி. ரோட்டில் தனியாக வருகிறாள். ஓடுகிற காரில் எஞ்சின் அணைந்தால் வேகம் குறைவதோடு போகாது. பவர் ஸ்டியரிங் கல்லாய்க் கனக்கும். பிரேக்குக்குக் கிடைக்கும் துணைப் பலமும் இரண்டு மூன்று மிதிக்குள் தீர்ந்துவிடும். பின்னால் வரும் லாரிக்காரருக்கு இதெல்லாம் தெரியுமா?

“கிராங்க் சென்ஸார் மாதிரிதான் தெரியுது, ஸார். ஆனா பார்க்காம மாத்தக் கூடாது” என்றார் எங்கள் மெக்கானிக். முதலில் ஒயரையும் கனெக்டரையும் சோதித்தார். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, அது அணைந்த மறு நிமிஷமே சென்ஸாரின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தார். குளிர்ந்திருந்தபோது ஒழுங்காக எண் காட்டிய மீட்டர், இப்போது உள்ளே தொடர்பே இல்லை என்றது. மயிரிழைத் தாமிரக் கம்பி எங்கோ விட்டிருக்கிறது. சூட்டில் விலகுகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. சில தம்பதிகளைப் போல.

அம்பாஸடர் காலத்தில் எஞ்சினுக்கு நேரம் வைப்பது கை வேலை, காது வேலை. பாயிண்டின் இடைவெளியைச் சரி பார்த்து, டிஸ்டிரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி, சத்தத்தைக் கேட்டு இறுக்குவார்கள். இப்போது அந்தப் பொறுப்பு கட்டைவிரல் அளவுச் சாமான் ஒன்றிடம் இருக்கிறது. கிராங்க் தண்டோடு ஒரு பல் சக்கரம் சுழல்கிறது. பல வண்டிகளில் அதில் 60 பல்லுக்கு இடம் விட்டு, 58 மட்டும் வைத்திருப்பார்கள். இரண்டு பல் இல்லாத அந்த வெற்றிடம்தான் சமம். கச்சேரியில் தாளம் போடுகிறவர் சமத்தைக் காட்டுவது போல, சென்ஸார் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தைக் காட்டுகிறது. அதைக் கொண்டுதான் காரின் கம்ப்யூட்டர் எப்போது பெட்ரோல் தெளிப்பது, எப்போது பொறி விடுவது என்று கணக்குப் போடுகிறது. தாளம் நின்றால் பாட்டும் நின்றது.

இதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று காந்தமும் கம்பிச் சுருளும் கொண்டது. பல் கடக்கும்போது தானே மின்சாரம் உண்டாக்கும். 1831-இல் பாரடே கண்டுபிடித்த தத்துவம். இரண்டாவது, 1879-இல் எட்வின் ஹால் என்ற மாணவர் மெல்லிய தங்கத் தகட்டில் கண்ட விளைவை வைத்துச் செய்தது. அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தாக வேண்டும். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி போல் இருக்கலாம். ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாது.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடையில் என் முன் இரண்டு பெட்டிகளை வைத்தார்கள். ஒன்று 450 ரூபாய், பெயர் தெரியாத தயாரிப்பு. மற்றது 1,650 ரூபாய். கார் கம்பெனியின் பெட்டியில் வேண்டுமென்றால், இந்த மாடலுக்கு இப்போது வருவதில்லை என்றார்கள்.

“புதுப்பேட்டையில் கழட்டின ஒரிஜினலே கிடைக்குமே!” என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர். கிடைக்கும். கதவும் கண்ணாடியும் வேண்டுமென்றால் நானும் அங்கேதான் போவேன். அவற்றின் வயதைக் கண்ணால் பார்த்துவிடலாம். பிளாஸ்டிக்குக்குள் ஒளிந்திருக்கும் கம்பியின் வயதை எப்படிப் பார்ப்பது? அதுவும் என் சென்ஸாரைப் போலவே இருபது வருஷம் வெந்தது அல்லவா?

450 ரூபாய்ச் சாமானைக் கையில் எடுத்தேன். பளபளப்பில் குறை இல்லை. பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூக்கு அரை மில்லிமீட்டர் போலக் குட்டை. அரை மில்லிமீட்டர் ஒரு பிரமாதமா என்று கேட்கலாம். பல்லுக்கும் மூக்குக்கும் இடையே இருக்க வேண்டியதே சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். தூரம் கூடினால் கிடைக்கும் மின்சாரம் குறையும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும் ஸ்டார்ட் வேளையில்தான் அது முதலில் காலை வாரும்.

1,650 ரூபாய்ப் பெட்டியில் கார் கம்பெனியின் முத்திரை இல்லை. சென்ஸாரைச் செய்த கம்பெனியின் முத்திரை இருந்தது. கார் கம்பெனிகள் இத்தகைய சாமான்களைப் பெரும்பாலும் தாமே செய்வதில்லை. பாஷ், டென்ஸோ போன்றவர்கள் செய்து கொடுப்பதைத் தங்கள் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். அதே சாமான் செய்தவர் பெட்டியிலும் வரும். ஆனால் பெட்டியிலும் போலி உண்டு. ஆகவே பழையதன் உடம்பில் பொறித்திருந்த எண்ணைப் புதியதன் எண்ணோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். கடைசி எழுத்து மாறியிருந்தது. கடைக்காரர் எஞ்சின் நம்பரையும் வண்டி தயாரான மாதத்தையும் கேட்டு, கம்பெனிப் பட்டியலைப் பார்த்தார். பழைய எண்ணுக்குப் பதிலாக வந்த எண் அதுதான் என்று காட்டினார். கனெக்டர், ஒயரின் நீளம், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம் எல்லாம் பொருந்தின. வாங்கிவிட்டேன்.

“கிட்டத்தட்ட நாலு மடங்கு விலை!” என்றாள் என் மனைவி. வித்தியாசம் 1,200 ரூபாய். இரவு ஒன்பது மணிக்குப் பெண் வீடு வந்து சேரும் வழியில் எந்த இடத்தில் அந்த 1,200 ரூபாயை மிச்சம் பிடிக்கலாம் என்று அவளையே கேட்டேன். பதில் சொல்லாமல் பணத்தை எண்ணி மெக்கானிக்கிடம் கொடுத்தாள்.

மெக்கானிக் மாட்டி முடித்து, ஊரைச் சுற்றி ஒன்றரை மணி ஓட்டிவிட்டு வந்தார். பிறகு எஞ்சினை அணைக்காமலே சாவியை என் பெண்ணிடம் காட்டி, “ஏறிக்கோம்மா” என்றார்.