தீர்த்தம் இறைப்பவரை விளித்தல்

இராமேஸ்வரம் கோயிலுக்குள் மகாலட்சுமி தீர்த்தம் தொடங்கிக் கோடி தீர்த்தம் ஈறாக 22 தீர்த்தங்கள். பெரும்பாலும் கிணறுகள். அக்னி தீர்த்தக் கடலில் மூழ்கி ஈர உடையோடு வருகிறவர்கள் தலையில் இவற்றின் நீரை இறைத்து ஊற்றும் மனிதர்களைப் பற்றி யாரும் விரிவாக எழுதியதாக எனக்கு நினைவில்லை. தலபுராணம் படித்தவர் ஒவ்வொரு தீர்த்தத்தின் பலனையும் ஒப்பிப்பார். மூன்றாம் பிரகாரத்தின் 1,212 தூண்களை வியப்பார். கிணற்று விளிம்பின் வழுக்குக் கல்லில் கால் ஊன்றி, கயிற்றில் வாளியை வீசி இழுப்பவர் அவர் கண்ணில் படுவதில்லை.

வெளியூர் உறவினர்களை அழைத்துச் செல்வது இராமநாதபுரத்தில் குடியிருப்பவனுக்குச் சம்பளமில்லாத உபரி உத்தியோகம். போகும்போதெல்லாம், அவரை எப்படி விளிக்கிறார்கள் என்று கவனிப்பேன். வடநாட்டிலிருந்து வரும் முதியவர் ‘பையா’ என்கிறார்; அண்ணன் என்று பொருள். நம்மவரோ தலை நரைத்தவரையும் “ஏப்பா, இந்தப் பக்கம் ஊத்து” என்கிறார். அதே நாவுக்கு வங்கியில் ‘சார்’ என்று வருவதில் தடையேதும் இல்லை.

ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கினால் வந்த உயர்சொல்லே, இலக்கண நெறியன்று என்பது தொல்காப்பியக் கிளவியாக்கம். நல்ல அவதானிப்பு. ‘நீங்கள்’ என்பதை நூல் விதிக்கவில்லை, நாமாகத் தருகிறோம். யாருக்குத் தருவதில்லை என்பதற்குள் சாதியும் வருமானமும் ஒளிந்திருக்கின்றன. இதை நடத்தியபோது தீவுப் பக்கத்து மாணவன் ஒருவன் கேட்டான்: “அப்ப வழக்கு மாறுனாப் போதுங்களாய்யா?” நூற்பாவுக்கு அதைவிடச் சுருக்கமான உரையை நான் கேட்டதில்லை.

மேற்கொண்டு பணம் கேட்கிறார்களே என்ற முணுமுணுப்பு யாத்திரிகர்களிடம் உண்டு. சீட்டு வாங்கியவர் மறுப்பதில் தவறில்லை. ஆனால் “இல்லைங்கண்ணே, சீட்டு எடுத்திருக்கோம்” என்று சொன்னால் மறுப்பு எந்த விதத்திலும் குறைந்துவிடாது. நோட்டை நீட்டிவிட்டு ஒருமையில் ஏவுகிறவரைவிட, கைவிரித்தாலும் முகம் பார்த்துப் பேசுகிறவரே மேல் என்பது என் எண்ணம். உடன் வந்த மூதாட்டிக்குக் குளிர் தாங்காது என்றால் முன்னதாகவே சொல்லலாம். வாளி சரிந்தபின் கத்துவதில் யாருக்கும் பயனில்லை. அமாவாசைக் கூட்டத்தில் ஒரே வாளி நீர் பத்துத் தலைகளுக்குப் பிரியும். தன் பங்கு குறைந்தது என்று அப்போது சண்டையிடுகிறவர்களை என்ன சொல்ல?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது தீர்த்தமாடல் நின்றது. மாதக்கணக்கில் கிணறுகளில் வாளி விழவில்லை. எப்போது திறப்பார்கள் என்று வெளியூர் நண்பர்கள் பலர் தொலைபேசியில் கேட்டபடி இருந்தார்கள். ஒருவர் மட்டும், இறைக்கிறவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தார்.