வருத்தம்னா அங்க வேற அர்த்தம்

ரெண்டு மாசமா இங்க எதுவும் எழுதலை. தீஸிஸ் வேலைன்னு சொன்னா நம்பிடுவீங்க, ஆனா அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி எங்க வீட்டு ஓனர் அங்கிள்.

ஸ்கார்பரோவில அவர் வீட்டு பேஸ்மென்ட்லதான் நான் குடியிருக்கேன். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதை நெருங்கிட்டார். ஒரு டேக்-அவே கடையில இருபது வருஷமா சமையல். இடியப்பம், சொதி, கட்டச் சம்பல், மட்டன் ரோல்ஸ்... (எழுதும்போதே பசிக்குது). அவருக்கு நாக்கோட இடது ஓரத்துல ஒரு புண். பல் உரசுதுன்னு நினைச்சு மூணு மாசம் விட்டுட்டார். கடைசியில பல் டாக்டர்தான் பார்த்துட்டு உடனே மேல அனுப்பினார். பயாப்சி பண்ணாங்க. கேன்சர், ஸ்டேஜ் டூ.

"தம்பி, எனக்கு வருத்தம் எண்டு சொல்லிப்போட்டினம்"னார். யாழ்ப்பாணத் தமிழ்ல வருத்தம்னா நோய். எங்க கும்பகோணத்துல மனக்கஷ்டம். இந்த விஷயத்துல ரெண்டு ஊர் அர்த்தமும் பொருந்தித்தான் போகுது.

அன்னைக்கு அப்புறம் அந்த வீட்டுல கேன்சர்ங்கிற வார்த்தையை யாரும் சொல்றதில்லை. ஆன்ட்டிக்கு அது "அந்தப் புண்". கால்கரியில இருக்கிற மகளுக்கு போன்ல "அப்பான்ட அலுவல்". அங்கிள் மட்டும் ராத்திரி ஒரு மணிக்கு கிச்சன்ல வெறுமனே நடப்பார். பேஸ்மென்ட்ல படுத்திருக்கிறவனுக்கு மேல நடக்கிற ஒவ்வொரு அடியும் கேட்கும்.

பிரின்சஸ் மார்கரெட் ஆஸ்பத்திரி எங்க காம்பஸ்ல இருந்து நடந்து போற தூரம். அதனால துணைக்குப் போற வேலை எனக்கு வந்தது. கென்னடி வரைக்கும் பஸ் (2023 ஜூலையோட ஸ்கார்பரோ ஆர்.டி.யை மூடிட்டாங்க), அங்கிருந்து சப்வே, செயின்ட் ஜார்ஜ்ல மாறி குவீன்ஸ் பார்க். வழி முழுக்க அவர் ஹாக்கி பத்தியே பேசினார். அவருக்கு ஹாக்கி பிடிக்காது.

அங்க மொழிபெயர்க்க ஆள் கேட்டு வாங்கிக்கலாம். நான் இருக்கேனேன்னு ஆன்ட்டி வேண்டாம்னாங்க, நான்தான் கட்டாயம் வேணும்னேன். வீட்டு ஆளுங்க மொழிபெயர்த்தா வார்த்தை வழியிலேயே கரைஞ்சு போயிடும். "நாக்குல ஒரு பகுதியை எடுக்கணும்"னு டாக்டர் சொன்னது, வெயிட்டிங் ரூம்ல மகன்கிட்ட ஆன்ட்டி போன்ல சொல்லும்போது "சின்னதா ஒரு வெட்டு" ஆயிடுச்சு.

டாக்டர் சொன்னது இவ்வளவு. முதல்ல ஆபரேஷன். நாக்குல அந்த இடத்தையும், கழுத்துல இருக்கிற நிணநீர்க் கட்டிகளையும் எடுப்பாங்க. தேவைப்பட்டா முன்கைத் தோலை எடுத்து நாக்குல வச்சுத் தைப்பாங்க. எடுத்ததை சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் ரேடியேஷன் வேணுமான்னு முடிவு. வேணும்னா ஆறு வாரம், வாரத்துக்கு அஞ்சு நாள். தலை அசையாம இருக்க, சுடுதண்ணியில இளக்கின பிளாஸ்டிக் வலையை முகத்துல அழுத்தி ஒரு முகமூடி செய்வாங்க.

எல்லாத்தையும் கேட்டுட்டு அங்கிள் ரெண்டே கேள்விதான் கேட்டார். "எனக்குக் கதைக்க ஏலுமோ?" அடுத்தது, "உப்புப் பாக்க ஏலுமோ எண்டு கேளும்."

ரெண்டாவது கேள்வி டாக்டருக்குப் புரியலை. இவர் சமையல்காரர், வாழ்க்கையில ஸ்பூன் அளவு பார்த்ததே இல்லை, எல்லாம் நாக்குதான்னு நான் சொன்னேன். அவர் பேனாவை கீழ வச்சுட்டு நிதானமா பதில் சொன்னார். பேச்சு வரும், கொஞ்சம் குழறலாம், பயிற்சி இருக்கு. மீதி நாக்குல ருசி இருக்கும். ரேடியேஷன் கொடுத்தா ருசியும் எச்சிலும் குறையும். ருசி பல மாசத்துல பெரும்பாலும் திரும்பும், முழுசா வரும்னு சத்தியம் பண்ண முடியாது. வாய் வறட்சி தங்கிடலாம். பொய் சொல்லாத டாக்டர் அமையறது பெரிய விஷயம். அங்கிளும் அதைத்தான் சொன்னார்.

காரணம்? அங்கிள் சிகரெட் தொட்டதில்லை. ஆனா முப்பது வருஷமா வெத்திலை, பாக்கு, ஊர்ப் பொயிலை. பொயிலையை விட்டாச்சு, வெறும் பாக்குதானேன்னு நினைச்சிட்டிருந்தார். 2004-லேயே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை கலக்காத வெத்திலைபாக்கும் புற்றுநோய் உண்டாக்கும்னு சொல்லிடுச்சு. தனிப் பாக்குமே அந்தப் பட்டியல்ல இருக்கு. இந்தியா, இலங்கை ரெண்டு நாட்டுலயும் ஆம்பளைங்களுக்கு வாய்ப் புற்றுநோய்தான் முன்னால நிக்குது. இங்க தமிழ்க் கடைகள்ல பாக்கு பாக்கெட் கறிவேப்பிலைக்குப் பக்கத்துலயே தொங்குது. கல்யாணத் தாம்பூலத்துல வளர்ந்த கும்பகோணத்துக்காரன் இதை எழுதறேன்னா பார்த்துக்கங்க.

இதைவிட அங்கிளை அரிச்சது பணம். வைத்தியத்துக்கு அரசு காப்பீடு இருக்கு. வீட்டு மார்ட்கேஜுக்கு? வேலைக் காப்பீட்டுல நோய்க்கால உதவியை 2022 டிசம்பர்ல பதினஞ்சு வாரத்துல இருந்து இருபத்தாறு வாரமாக்கினாங்க. ஆனா அதுக்கு 600 மணி நேரம் கணக்குல காட்டின வேலை வேணும். அவர் சம்பளத்துல பாதி கைக்காசு. கடையில கணக்கில் இருக்கிற மணி நேரத்தை நானும் அவரும் ரெண்டு ராத்திரி உட்கார்ந்து கூட்டினோம். 640 வந்தது. ரிசல்ட் வந்த நாளுக்கு அப்புறம் அவர் சிரிச்சு நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

ரோஜர் ஈபர்ட் கதையையும் சொன்னேன். சிகாகோ சினிமா விமர்சகர், டொராண்டோ படவிழாவுக்கு வருஷா வருஷம் வந்தவர். தைராய்டு, அப்புறம் உமிழ்நீர்ச் சுரப்பியில புற்றுநோய். 2006-க்குப் பிறகு கீழ்த்தாடையும் பேச்சும் போச்சு; சாப்பாடு, தண்ணி எல்லாம் குழாய் வழியாத்தான். ஆனா 2013-ல சாகிற வரைக்கும் எழுதித் தள்ளினார். 2010-ல ரைஸ் குக்கர் சமையல் பத்தி ஒரு புத்தகமே போட்டார்.

"சாப்பிட ஏலாத மனுசன் சோறு சமைக்கப் புத்தகம் எழுதினவரோ?"

"ஆமா அங்கிள்."

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் "கொப்பி ஒண்டு எடுத்துக்கொண்டு வாரும்"னார்.

ஒரு வாரமா ராத்திரி அந்த வேலைதான் நடக்குது. அவர் கண்ணளவுல உப்பைப் போடக் கையை நீட்டினதும் நான் மறிச்சு ஸ்பூன்ல பிடிச்சு எழுதறேன். சொதி முடிஞ்சது. கட்டச் சம்பல் முடிஞ்சது. ரோல்ஸ் மசாலா மட்டும் மூணு தடவை அளந்தும் மூணு கணக்கு வருது, மூணுமே சரிங்கிறார். ஆபரேஷன் வர்ற வியாழக்கிழமை. மகள் செவ்வாய்க்கிழமை வந்திடுவாங்க, மீதியை அவங்க எழுதிக்குவாங்க.