ஒரே ஊசி, இரண்டு ஆயுள்

நாய்க்குப் போடும் செவன் இன் ஒன், நைன் இன் ஒன் ஊசியை டாக்டர் தயார் செய்வதைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் இரண்டு குப்பிகள் இருக்கும். ஒன்றில் வெள்ளைத் தூள். இன்னொன்றில் திரவம். திரவத்தை உறிஞ்சித் தூளில் விட்டு, குலுக்கி, ஒரே ஊசியாகப் போட்டுவிடுவார். அட்டையில் ஒரு ஸ்டிக்கர், ஒரு கையெழுத்து, அடுத்த தேதி ஒன்று.

அந்தத் தூளில் இருப்பவை உயிருள்ள, ஆனால் பலவீனமாக்கப்பட்ட வைரஸ்கள்: டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ. குட்டியில் முறையாகப் போட்டு, அதன்பின் ஒரு பூஸ்டரும் போட்டுவிட்டால் இவற்றுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். எலிக்காய்ச்சலுக்கான மருந்து பல கம்பெனிகளின் ஊசியில் அந்தத் திரவத்தில்தான் இருக்கிறது. அது கொல்லப்பட்ட பாக்டீரியா. இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை போட்டால் ஏறக்குறைய ஒரு வருடம் காக்கும். இந்தச் செத்த கிருமியை உடம்பு ரொம்ப நாள் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

ஒரு வருடம் என்பது சும்மா சொல்லும் கணக்கல்ல. ஊசி போட்ட நாய்களுக்கு ஒரு வருடம் கழித்து நோய்க்கிருமியைச் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள், பெரும்பாலும் தாங்கின. அதுவும் ஊசியில் இருக்கும் வகைகளுக்கு மட்டும். லெப்டோஸ்பைராவில் நோய் தரும் வகைகளே 250க்கு மேல். பழைய ஊசிகளில் இரண்டு, புதியவற்றில் நான்கு.

"ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு, எதிர்ப்பு குறைஞ்சா போடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. பார்வோவுக்கு அது சரி. எலிக்காய்ச்சலுக்கு உதவாது. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் சில மாதங்களிலேயே இறங்கிவிடும், பாதுகாப்பு அதற்குப் பிறகும் இருக்கும். காலண்டரை நம்புவதைத் தவிர வழியில்லை.

பக்கத்துத் தெரு லாப்ரடார் ஒன்றுக்குப் போன மழைக்காலத்தில் வாந்தி. மூன்றாம் நாள் கண் மஞ்சள். சிறுநீரகம் போய்விட்டது என்றார்கள். பரிசோதனையில் லெப்டோ. அட்டையை எடுத்துப் பார்த்தால், ஊசி போட்ட இடத்தில் எல்லாவற்றுக்கும் சேர்த்து அடுத்த தேதியை மூன்று வருடம் தள்ளி எழுதியிருந்தார்கள். தூளுக்கான கணக்கைத் திரவத்துக்கும் போட்டுவிட்டார்கள். "வருஷா வருஷம் போடச் சொல்லலையே, காசு பிடுங்காத டாக்டர்னு எல்லார்கிட்டயும் பெருமையா சொன்னேன் சார்" என்றார் அந்த வீட்டுக்காரர். நாய் செத்த பிறகும் அவர்களுக்கு நிம்மதியில்லை. அதன் மூத்திரத்தை வெறுங்கையால் துடைத்திருந்தார்கள். இரண்டு வாரம் வீடே காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டிலும் இது நாயோடு முடிகிற விஷயமில்லை. வேளச்சேரியில் மழை வந்தால் சாக்கடைத் தண்ணீர் கேட்டுக்குள் வரும், பெருச்சாளியும் வரும். எலிக்கு இந்தக் கிருமியால் ஒன்றும் ஆவதில்லை. சிறுநீரகத்தில் வைத்துக்கொண்டு கழித்தபடி திரியும். நாயும் சில சமயம் நோய் தெரியாமலே அப்படிக் கழிக்கும். கருப்பன் மூத்திரம் போகும் அதே வாசலில்தான் அப்பா வெறுங்காலோடு நடப்பார். சர்க்கரை, பாதத்தில் எப்போதும் ஏதாவது புண். ஊசி நாய் கழிப்பதையும் குறைக்கும் என்பதால் எனக்கு அது பாதி அப்பாவுக்கான ஊசி.

செப்டம்பர் கடைசியில் போட்டுவிடுகிறேன், ஐப்பசி மழைக்கு முன்னால். ரொம்பத் தள்ளிப்போனால் மறுபடி முதலிலிருந்து இரண்டு தவணை போடவேண்டியிருக்கும்.

"மனுஷங்களுக்கு இந்த ஊசி கிடையாதாப்பா?" என்று அப்பா கேட்டார். பிரான்சிலும் கியூபாவிலும் சீனாவிலும் உண்டு என்றேன். இப்போதைக்கு வாசலில் ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டிருக்கிறேன். பாதி நாள் போட்டுக்கொள்கிறார்.