பச்சை நிறம் களைந்த வண்டி



தருமபுரியில் பேருந்து ஏறி ஒகேனக்கல் செல்வோரில் பெரும்பாலோர் பென்னாகரத்தை ஓர் ஊராகக் கருதுவதில்லை. இண்டூரைக் கடந்து, சாலையோரத்துப் புளியமரங்களைப் பார்த்துக்கொண்டே வந்து, பென்னாகரம் பேருந்து நிலையத்தில் ஐந்து நிமிடம் தேநீருக்காக இறங்கி, மீண்டும் ஏறி அருவியை நோக்கிச் சென்றுவிடுவார்கள். நானும் மும்முறை அவ்வாறே சென்று வந்தவன்தான். நான்காம் முறை சென்றபோது அருவிப் பக்கமே போகவில்லை. பகற்பொழுது முழுவதையும் ஊருக்கு வெளியே இருந்த ஒரு லாரிப் பட்டறையில் கழித்தேன். அங்கு கண்டதும் கேட்டதும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் பயன்படும் என்பதால் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

என் மனைவியின் தம்பி பதினோர் ஆண்டுகள் வளைகுடா நாட்டில் கனரக வாகனம் ஓட்டியவர். இனித் திரும்பிப் போவதில்லை என்று முடிவு செய்து ஊர் வந்தவரிடம் ஒரு தரகர் ஆசை வார்த்தை கூறியிருந்தார். இராணுவம் ஏலத்தில் கழித்த லாரி ஒன்று இருக்கிறதாம். நான்கு சக்கரங்களும் இழுக்குமாம். மலையடிவாரத் தோட்டங்களிலிருந்து புளியும் ராகியும் ஏற்றிவர அதைப்போல் வேறு வண்டி கிடையாதாம். விலையோ புதிய வண்டியின் விலையில் சிறு பங்குதானாம். "மச்சான், ஒரு தடவை நீங்களும் வந்து பாருங்கள்" என்று அவர் அழைத்தபோது மறுக்க இயலவில்லை. வண்டிகளைப் பற்றி எனக்கு ஏதும் தெரியாது. ஆனால் அவருடைய சேமிப்பில் என் மனைவியின் தாயாருக்குரிய மருத்துவச் செலவும், இரண்டு பெண் பிள்ளைகளின் படிப்பும் அடங்கியிருந்தன என்பது எனக்குத் தெரியும்.

தரகர் காட்டிய லாரியை அந்தப் பட்டறையில்தான் நிறுத்தியிருந்தார்கள். அதன் அருகிலேயே இன்னொரு பழைய இராணுவ வண்டியும் நின்றது. அது பட்டறை உரிமையாளரின் சொந்த வண்டி. எழுபதைக் கடந்த அந்த முதிய மெக்கானிக், "முதலில் என் வண்டியைப் பாருங்கள் பாய். பிறகு அதைப் பற்றிப் பேசுவோம்" என்றார்.

அது நிசான் கேரியர் எனப்படும் ஒரு டன் வண்டி. ஜப்பானின் நிசான் நிறுவனத்தின் உரிமத்தோடு நம் நாட்டில் ஜபல்பூரில் இராணுவத்துக்காகக் கட்டப்பட்டது. மூக்கு நீண்டு, உயர்ந்த கால்களோடு நிற்கும் அதன் உடலில் சிவப்பும் மஞ்சளும் பூசியிருந்தார். அலங்காரத்துக்காகவா என்று கேட்டேன். சிரித்தார். இராணுவத்தின் ஆலிவ் பச்சை நிறத்தை வேறு எவரும் தம் வாகனத்துக்குப் பூசலாகாது என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆம் விதி. ஆகவே இராணுவ வண்டி ஒன்றை வாங்குபவர் செய்தே தீரவேண்டிய வேலைகளுள் ஒன்று, அதன் நிறத்தைக் களைவது.

வண்டியின் அடியில் குனிந்து பார்க்கச் சொன்னார். பின் அச்சின் நடுவிலுள்ள உருண்டைப் பகுதியில் வெள்ளை வண்ணத்தின் தடம் மங்கலாகத் தெரிந்தது. இரவில் முகப்பு விளக்குகளை அணைத்துவிட்டு அணியணியாகச் செல்லும்போது, முன்னே செல்லும் வண்டியின் இந்த வெள்ளை வட்டத்தையும் அதன் மேல் எரியும் சிறு விளக்கையும் பார்த்தே பின்னால் வருபவர் ஓட்டுவாராம். அந்தத் தடத்தை மட்டும் அவர் அழிக்காமல் விட்டிருந்தார்.

போருக்குச் சுமை இழுத்தது பின்னர் ஊருக்குச் சுமை இழுப்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று. பென்னாகரம் அன்றைய பாராமகால் பகுதியைச் சேர்ந்தது. மைசூர் அரசின் எல்லைப்புறம். 1791 அக்டோபரில் இங்கிருந்த கோட்டையை ஆங்கிலேயப் படை கைப்பற்றியது. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி பாராமகால் முழுவதும் திப்பு சுல்தானின் கையை விட்டுப் போயிற்று. அந்தப் போர்களில் பீரங்கிகளை இழுத்தவை மாடுகளே. மைசூர் உடையார்கள் தொடங்கிய மாட்டுப் பண்ணைகளை ஹைதர் அலீ பெருக்கினார்; திப்பு சுல்தான் அவற்றுக்கு அமிர்த மகால் என்று பெயரிட்டு ஒழுங்குபடுத்தினார். ஹைதரின் படை மின்னல் வேகத்தில் இடம் மாறியதற்கு இந்த மாடுகளே காரணம் என்று எதிரிகளான ஆங்கிலேயர்களே எழுதி வைத்தார்கள். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தபோது அந்த மந்தைகளும் அவர்கள் வசமாயின. அதே மைசூர் மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இந்த வட்டாரத்துக் காவிரிக்கரைக் காடுகளில் வளர்ந்த ஆலம்பாடி இனம். ஏரும் வண்டியும் இழுப்பதில் பெயர் பெற்றது. இன்று எண்ணிக்கையில் மிகவும் அருகிவிட்டது.

எருதின் இடத்துக்கு எந்திரம் வந்தபோதும் கதை அதுவேதான். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் செய்யப்பட்டன. போர் முடிந்ததும் பிலிப்பைன்ஸில் விட்டுச் செல்லப்பட்ட ஜீப்புகளை அந்நாட்டு மக்கள் நீட்டி, கூரை வேய்ந்து, இருபுறமும் பலகை இருக்கை அமைத்து ஜீப்னி என்னும் பயண வண்டியாக்கிக்கொண்டார்கள். நம் நாட்டிலோ 1945இல் மகிந்திரா சகோதரர்களும் குலாம் முகம்மது அவர்களும் கூட்டாகத் தொடங்கிய மகிந்திரா அண்ட் முகம்மது என்ற இரும்பு வணிக நிறுவனம் 1947இல் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தலைப்பட்டது. பிரிவினைக்குப் பின் குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகச் சென்றுவிட, 1948இல் அந்நிறுவனம் மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆயிற்று. கிராமத்து மேடுபள்ளங்களில் நாம் ஏறிச் சென்ற ஜீப்புக்குப் பின்னால் இப்படியொரு வரலாறு இருக்கிறது.

இராணுவ லாரிகளுக்கு வருவோம். கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த காலத்தில், ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தோடு சக்திமான் லாரி ஜபல்பூரில் செய்யப்படலாயிற்று. தொண்ணூறுகள் வரை அதுவே நம் படையின் முதுகெலும்பு. பிறகு அசோக் லேலண்டின் ஸ்டாலியன் வண்டிகள் அதன் இடத்தைப் பிடித்தன. அந்த நிறுவனத்தின் ஆலைகள் உள்ள ஓசூர், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியும் வரை இதே தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. படையிலிருந்து கழிக்கப்பட்ட வண்டிகள் ஏலத்தில் வெளிவந்தன. ஹரியாணாவின் மண்டி டப்வாலி போன்ற ஊர்கள் பழைய ஜீப்புகளை மாற்றியமைப்பதையே பெருந்தொழிலாகச் செய்தன.

மெக்கானிக் தம் வண்டியில் செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். முதலில் என்ஜின். கேரியரில் இருந்தது ஏறத்தாழ நான்கு லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். போர்க்களத்தில் எரிபொருள் கணக்கை எவரும் பார்ப்பதில்லை. வாடகைக்கு ஓடும் வண்டியில் அதுவே முதற் கணக்கு. ஆகவே முறைப்படி அனுமதி பெற்று டீசல் என்ஜினுக்கு மாற்றினார். அடுத்து, தார்ப்பாய்க்கான இரும்பு வளைவுகளைக் கழற்றிவிட்டு, பின்தட்டின் மேல் இரும்பு உத்தரம் ஒன்றைப் பொருத்தி, அதில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டார். ஒகேனக்கல் கணவாய் வளைவுகளில் பள்ளத்தில் இறங்கிவிடும் வண்டிகளை இழுத்து மேலேற்றுவது, கிணற்று மோட்டாரைத் தூக்கி ஏற்றிவருவது, இவையே அவருடைய வண்டிக்கு வேலை.

மாற்றாமல் விட்டது எதை என்று மைத்துனர் கேட்டார். "அதுதான் தம்பி சரியான கேள்வி" என்றார் பெரியவர். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் விசையைப் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை அவர் தொடவில்லை. அதன் தாழ்ந்த கியரில் வேகம் குறையும், இழுவை பெருகும். சேற்றிலும் மணலிலும் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். தார்ச்சாலைக்கு வந்ததும் முன் அச்சை விடுவித்துவிட வேண்டும். ஏனெனில் வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஒரே தொலைவு உருள்வதில்லை. சேற்றில் அந்த வேறுபாடு சறுக்கலில் கழிந்துவிடும். காய்ந்த தார்ச்சாலையிலோ அது டயரையும் பல்சக்கரங்களையும் தின்னும். "இந்த வண்டியின் பலமே அந்தப் பெட்டியில்தான். அதைக் கெடுத்துவிட்டால், சாதாரண லாரியைவிட மோசமான லாரியாகிவிடும்" என்றார்.

பிறகே தரகர் காட்டிய லாரியிடம் சென்றோம். என்ஜினைத் திறந்து பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டதோ காகிதங்களை.

வாசகர்களே, இதைச் சற்று கவனமாகப் படியுங்கள். படையில் உள்ள வண்டிக்கு மேல்நோக்கிய அம்புக்குறியோடு இராணுவப் பதிவு எண் இருக்கும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 60ஆம் பிரிவு அதற்கெனத் தனி வழி வகுத்திருக்கிறது. ஏலத்தில் விற்கப்பட்ட பின் அந்த எண் செல்லாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் புதிதாகப் பதிய வேண்டும். அதற்கு இராணுவம் கொடுத்த விற்பனை ஆவணங்கள் இன்றியமையாதவை. ஏலங்களில் பொருள் இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில் விற்கப்படும். வண்டியாக ஓட்டுவதற்கு விற்றதா, பழைய இரும்பாக உடைப்பதற்கு விற்றதா என்பது அந்த ஆவணத்தில்தான் தெரியும். இரும்பாக விற்றதைப் பதிவு செய்து சாலையில் ஓட்ட இயலாது.

அத்தோடு முடிவதில்லை. உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. ஆகவே எந்த மாற்றத்துக்கும் கைவைக்கும் முன் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். மேலும் 2023 ஏப்ரல் 1 முதல் பதினைந்து ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. நாட்டின் பாதுகாப்புக்கான சிறப்பு வாகனங்களுக்கு விலக்கு உண்டு. பழைய அரசு வாகனங்கள் உடைப்பு நிலையங்களுக்கே செல்ல வேண்டும் என்பதே இன்றைய போக்கு. பெரியவர் வாங்கிய காலத்தில் திறந்திருந்த வாசல் இப்போது குறுகிவிட்டது.

தரகர் நீட்டிய காகிதக் கட்டைப் பெரியவர் பத்து நிமிடம் படித்தார். "தம்பி, இது லாரி இல்லை, இரும்பு" என்றார். மைத்துனர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் முன்பணம் கொடுப்பதாக இருந்தார்.

மதிய உணவுக்குப் பின் பெரியவர் இன்னொன்றும் சொன்னார். பென்னாகரம் தொகுதியில் கோட்டூர் என்றொரு மலைக்கிராமம் உண்டு. 2019ஆம் ஆண்டுத் தேர்தலிலும் 2021ஆம் ஆண்டுத் தேர்தலிலும் அங்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைகளின் முதுகில் ஏற்றி அனுப்பப்பட்டன. "நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருந்தாலும் அதற்கும் ஒரு பாதை வேண்டும். மலை ஏறும் வண்டி என்று எவரேனும் சொன்னால், எந்த மலை, எந்தப் பாதை, எத்தனை மூட்டை என்று கேளுங்கள். ஆறு மூட்டைக்குக் கழுதை போதும். அறுபது மூட்டைக்கு அடிவாரச் சாலையில் சாதாரண வண்டியே போதும். இரண்டுக்கும் நடுவில் சேறும் மணலும் இருந்தால்தான் இந்த வண்டிக்கு வேலை" என்றார்.

மைத்துனர் விரலை மடக்கிக் கணக்கிட்டார். அவர் சுமை ஏற்ற எண்ணியிருந்த தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் தார்ச்சாலை இருந்தது.

இரண்டு மாதங்களுக்குப் பிறகு அவர் முறையான ஆவணங்களோடு, நடுத்தர அளவிலான பழைய சரக்கு வண்டி ஒன்றை வாங்கினார். எஃப்.சி. காட்டி, காப்புறுதி கட்டி இப்போது ஓட்டிக்கொண்டிருக்கிறார். வாங்கும் முன் அதனைப் பென்னாகரத்துக்கே கொண்டுசென்று பெரியவரிடம் காட்டினார். பெரியவர் கட்டணம் வாங்க மறுத்துவிட்டாராம். முன்பு நாங்கள் சென்ற நாளுக்கும் அவர் ஒன்றும் வாங்கியிருக்கவில்லை.

நாங்கள் அன்று மாலை விடைபெறும்போது அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. கணவாயில் ஒரு வண்டி சாலையை விட்டு இறங்கிவிட்டதாம். சிவப்பும் மஞ்சளும் பூசிய அந்தக் கேரியர் உறுமிக்கொண்டு புறப்பட்டது. பேருந்து நிலையம் நோக்கி நடந்த நாங்கள் திரும்பிப் பார்த்தோம். மங்கும் வெளிச்சத்தில், பின் அச்சின் நடுவே அந்த வெள்ளைத் தடம் சற்று தூரம் வரை தெரிந்தது.

அடுத்த முறை ஒகேனக்கல் செல்லும்போது பென்னாகரத்தில் தேநீர் அருந்துவதோடு நின்றுவிடாதீர்கள். ஊருக்குள்ளும் சற்று நடந்து பாருங்கள். உங்கள் வீட்டிலும் வெளிநாட்டுச் சேமிப்போடு திரும்பிய பிள்ளை ஒருவர் இருந்து, மலிவாக ஒரு வண்டி கிடைக்கிறதென்று சொன்னால், என்ஜின் சத்தத்தைக் கேட்கும் முன் காகிதத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.