எந்தப் பக்கம் சுற்றுகிறது?

இணுவிலில் ஒரு நாய் காரணமில்லாமல் வட்டமிடத் தொடங்கினால் வளவுக்குள் முதலில் எழும் சொல் ‘விசர்’. அந்தப் பயம் நியாயமானது. தடுப்பூசி போடாத நாய் தாடை தொங்கி, குரல் மாறி, எச்சில் வழிய நின்றால் எலும்பு சிக்கியதோ என்று வாய்க்குள் கைவிடவே கூடாது. அது இறந்துபோனால் விடை மூளையில்தான் இருக்கும். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் போன்ற ஆய்வுகூடத்துக்குத் தலையைப் பனிக்கட்டியில் வைத்து அனுப்ப வேண்டும்.

ஆனால் வட்டமிடுவதெல்லாம் விசரல்ல. நோயின் பெயரைத் தேடுமுன் இடத்தைத் தேடு என்பது பேராதனை மிருக வைத்திய பீடத்தில் நான் கற்ற பாடம். என் கையில் ஸ்கான் இல்லை. முற்றமும் கைவிளக்கும் உண்டு. முன்மூளையில் கட்டியோ அழற்சியோ உள்ள நாய் பெரும்பாலும் பழுதான பக்கமாகவே சுற்றும். பார்வை மங்குவதோ மறுபக்கக் கண்ணில். பாதத்தைப் புரட்டி வைத்தால் நேராக்கத் தாமதிப்பதும் மறுபக்கக் கால்களே. அப்போதும் வெளிச்சத்துக்குக் கண்மணி சுருங்கும்: கண்ணில் பழுதில்லை, காட்சியை வாங்கும் மூளையில்தான். மதிலில் தலையை அழுத்திக்கொண்டு நிற்பதும் வலிப்பும் இதே பகுதியின் குறிகள். சிறுமூளை கெட்டால் கால்களை அளவுக்கு மீறித் தூக்கி நடக்கும். சாப்பாட்டுக் கோப்பையை நெருங்க நெருங்கத் தலை நடுங்கும்.

கிழட்டு நாய்களைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். திடீரென்று தலை சரிந்து, விழிகள் பக்கவாட்டில் துடித்தோட, எழும்பினால் விழும்; சத்தி எடுக்கும். “ஊசியைப் போட்டு விடுங்கோ டொக்டர்” என்று அழுதுகொண்டே கேட்பார்கள். பாதங்களைச் சோதிப்பேன். புரட்டியதும் நேராக்கி, நினைவும் தெளிவாக இருந்தால் பழுது பெரும்பாலும் உட்காதோடு நிற்கிறது. “கொஞ்சம் பொறுங்கோ அம்மா” என்பேன். பல நாய்கள் இரண்டு மூன்று வாரத்தில் நடந்துவிடும். தலைச் சரிவு மட்டும் சிலவற்றில் மிஞ்சும். விழிகள் மேலும் கீழுமாக ஓடினால், பாதம் புரண்டபடியே கிடந்தால், மூளைத்தண்டைச் சந்தேகிக்க வேண்டும். அங்கே நான் அந்த நம்பிக்கையைக் கொடுப்பதில்லை.

நம்மூர்ச் செம்மண் தோட்டங்களில் தெளிக்கும் பூச்சிநாசினியையும் மறக்கக் கூடாது. சில மணி நேரத்துக்குள் எச்சில், தசைத்துடிப்பு, ஊசிமுனைபோல் ஒடுங்கிய கண்மணி: அது நஞ்சு. உடனே கொண்டுவந்தால் காப்பாற்ற வழியுண்டு. குட்டிகளுக்குச் சளிக்காய்ச்சல் மாறிச் சில வாரத்தில், தூக்கத்திலும் ஓயாமல் ஒரே தசை தாளம் தப்பாது துடித்தால் டிஸ்டெம்பர். அந்தத் துடிப்பை நிறுத்தும் மருந்து என்னிடம் இல்லை. தடுப்பூசியை நேரத்துக்குப் போட்டிருந்தால் பெரும்பாலும் அது வந்தே இராது.

வலிப்பு வந்தால் வாயருகே கையைக் கொண்டுபோகாதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் தூக்கிக்கொண்டு ஓடி வாருங்கள். இல்லையென்றால் கைபேசியில் காணொளி எடுங்கள்: முகம் எந்தப் பக்கம் இழுத்தது, முதலில் துடித்தது எந்தக் கால் என்று. அதற்கு எதிர்ப்பக்க மூளையிலிருந்துதான் நான் தேடத் தொடங்குவேன்.