ஓட்டை சரி, இடம் தப்பு

வாட்ச் மாடிஃபிகேஷன் வீடியோ நீங்களும் பாத்திருப்பீங்க. பழைய டயலைத் தூக்குவாங்க, புது டயலை வைப்பாங்க, முள்ளை மாட்டி மூடிடுவாங்க. எட்டே நிமிஷம். அதைப் பாத்துட்டு நானும் இறங்கினேன். ஆனா நான் கைவச்சது என் வாட்ச் இல்ல, எங்க அப்பாவோடது. நீங்களாவது அதே தப்பைப் பண்ணக்கூடாதுன்னுதான் இதை எழுதுறேன்.

அது ஒரு எச்எம்டி ஜனதா. தாத்தா வாங்கினது. அப்பா இருங்காட்டுக்கோட்டையில வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு, தாத்தா தன் கையிலிருந்து கழட்டி அவருக்குக் கட்டிவிட்டாராம். இன்னைக்கும் விடியக்காலை ஷிஃப்ட் பஸ்ஸுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி அப்பா அதுக்குச் சாவி கொடுப்பார். ஒரு மழையில தண்ணி உள்ள போய், டயல்ல 7-க்குப் பக்கத்துல பழுப்புக் கறை பிடிச்சிருந்தது. அவர் பிறந்தநாளுக்குள்ள புது டயல் போட்டுக் கொடுக்கணும்னு எனக்கு ஆசை.

எச்எம்டி, ஜப்பானோட சிட்டிசன் கம்பெனியின் தொழில்நுட்பத்தோட 1961-ல பெங்களூருல வாட்ச் தயாரிப்பைத் தொடங்கியது. 2016-ல எச்எம்டி வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துடுச்சு. அதனால புது ஒரிஜினல் டயல் கிடைக்கிறது கஷ்டம். ஆன்லைன்ல வர்றதுல நிறைய, பழைய டயலுக்கே மறுபடி பெயிண்ட் அடிச்சு பிரிண்ட் போட்டது. நானும் ஒண்ணு ஆர்டர் பண்ணேன். போட்டிருந்த விவரம் ரெண்டே ரெண்டு: எச்எம்டி, அப்புறம் டயலோட விட்டம். வீட்டுல ஸ்கேலை வாட்ச் கண்ணாடி மேல வச்சுப் பாத்தேன். கிட்டத்தட்ட ஒத்துவந்தது.

இதுல அசிங்கம் என்னன்னா, அப்போ நான் ஒரகடத்துல ஒரு உதிரிபாகக் கம்பெனியில இன்பிளான்ட் டிரெய்னிங்ல இருந்தேன். இன்கமிங் இன்ஸ்பெக்ஷன் டெஸ்க். அந்த வாரம் ஒரு லாட் பிராக்கெட் வந்தது. ஓட்டையோட விட்டம் சரி, கேஜ் உள்ள போகுது. ஆனா டேட்டம்ல இருந்து அளந்தா ஓட்டை இருக்க வேண்டிய இடத்துல இல்ல. மொத்த லாட்டும் திரும்பிப் போச்சு. "ஓட்டை சரி, இடம் தப்பு. லைனுக்குப் போனா போல்ட் ஏறாது தம்பி"ன்னு குவாலிட்டி அண்ணன் சொன்னார். நான் அதை ரிப்போர்ட்ல எழுதி சைனும் வாங்கினேன்.

ஞாயித்துக்கிழமை அப்பா நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தூங்கும்போது வாட்சைத் திறந்தேன். டயலுக்குப் பின்னாடி ரெண்டு மெல்லிய கால் இருக்கும். அது மிஷின்ல உள்ள ஓட்டைக்குள்ள இறங்கும். பக்கவாட்டுல ரெண்டு குட்டி ஸ்க்ரூ அதைப் பிடிச்சிருக்கும். அந்த ஸ்க்ரூவை முதல்ல தளர்த்தணும். எனக்குத் தெரியல. பிளேடை விட்டு நெம்பினேன். 'டிக்'னு ஒரு சத்தம். ஒரு கால் உடைஞ்சுடுச்சு.

சரி, புதுசு இருக்கேன்னு அதை எடுத்தேன். கேஸுக்குள்ள உக்காரல. கேலிப்பர்ல அளந்தா பழசைவிட 0.4 மி.மீ. பெருசு. எமரி ஷீட்ல ஓரத்தைத் தேய்ச்சு உள்ள இறக்கினேன். அப்போதான் தெரிஞ்சது, கால் ரெண்டும் மிஷின் ஓட்டைக்கு நேரா வரல. ஜனதா சாவி கொடுக்குற வாட்ச். அதே எச்எம்டியோட காஞ்சன் ஆட்டோமேட்டிக். உள்ள இருக்கிற மிஷினே வேற. ஒரே கம்பெனி பேரு போட்டிருந்தா டயல் மாத்தி மாத்திப் பொருந்தும்னு நான் நம்பிட்டேன்.

நீங்க டயல் வாங்குறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது இவ்வளவுதான்.

விட்டம்: கண்ணாடி மேல அளக்காதீங்க. டயலை வெளிய எடுத்து அளங்க. வெளிய தெரியிற வளையத்தோட உள்விட்டத்தைவிட டயல் பெருசா இருக்கணும், கேஸுக்குள்ள அது உக்கார்ற இடத்தைவிடச் சின்னதா இருக்கணும். மிஷின் அளவும் டயல் அளவும் ஒண்ணு இல்ல. மாடிஃபிகேஷன்ல எல்லாரும் பயன்படுத்துற சீகோ என்எச்35 மிஷின் 27.4 மி.மீ.; அதுக்கு விக்கிற டயல் பெரும்பாலும் 28.5 மி.மீ.

கால்: எத்தனை மணி திசையில, மையத்துல இருந்து எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பாருங்க. என்எச்35 டயல் சிலதுல நாலு கால் வரும். கிரவுன் 3 மணியில இருந்தா ஒரு ஜோடி, 4 மணிப் பக்கம் இருந்தா இன்னொரு ஜோடி. எது வேணும்னு மிஷின்ல வச்சுப் பாத்த பிறகுதான் மத்ததை வெட்டணும். இடிஏ 2824-க்குச் செஞ்ச டயலோட கால் இதுல இறங்காது.

அப்புறம் தேதி ஜன்னல் இருந்தா அதோட இடம், டயலோட தடிமன், முள்ளோட ஓட்டை. டயல் தடிச்சா முள் டயல்ல உரசலாம், இல்ல சரியா உக்காராம போகலாம். நொடி முள்ளு என்எச்35-க்கு 0.20 மி.மீ., 2824-க்கு 0.25. அந்த 0.05 வித்தியாசத்துலயே முள் நிக்காது.

இவ்வளவையும் பழைய டயல் முழுசா இருக்கும்போதே அளந்திருக்கலாம்.

கடைசியில ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு வாட்ச் ரிப்பேர் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். கடைக்காரர் லென்ஸைக் கண்ணுல வச்சுப் பாத்துட்டு, "யாரு தம்பி நெம்புனது?"ன்னு கேட்டார். பதில் சொல்லல. மீதியிருந்த ஒரு காலையும் கொஞ்சம் பசையையும் வச்சு, கறையோட இருந்த அதே பழைய டயலைத் திரும்ப உக்கார வச்சுக் கொடுத்தார்.

அப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். வாட்சைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பாத்தார். "12 லேசா சாஞ்சிருக்குடா"ன்னார். அப்புறம், "அந்தக் கறை இருக்கட்டும்னுதான் நான் மாத்தாமலே வச்சிருந்தேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல"ன்னார். திட்டல. சாவி கொடுத்துக் கட்டிட்டு பஸ்ஸுக்குப் போயிட்டார்.

கால் எங்க இருக்குன்னு பாக்காம விட்ட மாதிரியே, அவருக்கு அது வேணுமான்னும் நான் கேட்கல.

ஓரம் தேய்ச்ச அந்தப் புது டயல் ஹாஸ்டல்ல என் டிராயர்லயே கிடக்குது. பொருந்துற வாட்ச் யார்கிட்டயாவது இருந்தா வந்து வாங்கிக்கோங்க, காசு வேண்டாம். ஆனா அளந்துட்டு வாங்க. வாட்ச் உங்க வீட்டுல வேற யாரோடதாவது இருந்தா, கேட்டுட்டும் வாங்க.